இடக்கை

வொரு நகரத்தில் கத்தி விற்கும் கடை ஒன்றுதான்.
தூண்டில், ரப்பர் பூட்ஸ், கொசு மருந்து,
அவற்றுக்கெல்லாம் பின்னால் ஒரு கண்ணாடிப் பெட்டி.
தபால் நிலையத்தில் மதிய இடைவேளை அரைமணி நேரம்.
கோட்டைக் கழற்றாமலே போய் நின்றேன்.

"தம்பி திரும்பி வருகிறான்" என்றேன்.
"ஹெல்மாண்டிலிருந்தா?" என்றாள் ஹெல்யூ.
அதற்குமேல் கேட்கவில்லை.
சின்ன ஊர். அவளுக்குத் தெரியும்.
தெரியும் என்று காட்டிக்கொள்ளாமல்
பெட்டியைத் திறந்தாள்.

முதலில் வந்தது மான்கொம்புப் பிடி.
அழகு. புகைப்படத்துக்கு நிற்கிற அழகு.
அடுத்தது பிர்ச் மரம். உள்ளங்கையில்
ரொட்டி அடுப்பின் பக்கச் சுவர்போல வெதுவெதுப்பு.
ஆனால் அலகை நகத்தால் நெம்பித் திறக்க வேண்டும்:
பிடிக்க ஒரு கை, நெம்ப ஒரு கை.

என் இடக்கையைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வலக்கை மட்டும் வெளியே.
கட்டைவிரல் வழுக்கியது.
மேஜை விளிம்பில் மாட்டி இழுத்தேன்,
கத்தி சுழன்று தரையில் விழுந்தது.
ஒவ்வொரு முறையும்
பைக்குள்ளிருந்து அந்தக் கை
என்னைக் கேட்காமல் எழப் பார்த்தது.
பழைய பேருந்துச் சீட்டு ஒன்றைக் கொடுத்து
அதை உள்ளேயே பிடித்து வைத்தேன்.

ஹெல்யூ சிரிக்கவில்லை.
தன் இடக்கையை முதுகுப்பக்கம், ஏப்ரன் முடிச்சில் செருகிக்கொண்டு
தானும் ஒரு கத்தியை எடுத்தாள்.
இரண்டு பெண்கள், இரண்டு கைகள்.
தூண்டில்முள் வாங்க வந்த ஒருவர்
கேட்க வந்ததை மறந்து நின்றார்.

இது திறக்கிறது, மூட மறுக்கிறது.
பூட்டைத் தள்ள இன்னொரு விரல் வேண்டும்,
அது இன்னொரு கையில் இருக்கிறது.
இதை உருவினால் உறையும் சேர்ந்து வருகிறது.

ஏழாவது, கறுப்புப் பிடி.
அலகில் ஒரு துளை. கட்டைவிரல் அதில் அமர்ந்ததும்
டக்.
ஆள்காட்டி விரலால் பூட்டை விட்டுத் தொடையில் தட்ட,
மடிந்துகொண்டது.
அழகில்லை. என் வாரச் சம்பளத்தில் பாதிக்குமேல் விலை.
துருப்பிடிக்காது, கூர் நிற்கும் என்று
எஃகைப் பற்றி ஹெல்யூ ஏதோ சொன்னாள்.
நான் அந்த 'டக்'கையே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"பரிசுக் காகிதம் சுற்றவா?"
இருவரும் யோசித்தோம்: முடிச்சு, ஒட்டுநாடா.
"வேண்டாம்."

கத்தியைச் சும்மா கொடுத்தால்
உறவை அறுத்துவிடும் என்பார்கள் எங்கள் பக்கம்.
ஒரு காசாவது வாங்கிக்கொள்ள வேண்டும்.
தார்வோ பர்ஸைப் பல்லில் கவ்விக்கொண்டு
பத்து சென்ட் எடுத்து வைத்தான்.
பிறகு திறந்தான். டக். மூடினான்.
"எத்தனை தடவை விழுந்தது?" என்றான்.
"பதினொன்று."
சிரித்தான்.
ஆஸ்பத்திரிக்குப் பிறகு முதல் சிரிப்பு
என்று எழுத ஆசைதான். அப்படியில்லை.
அவன் அடிக்கடி சிரித்தான்.
எனக்குப் பயமே அதுதான்.

ஆகஸ்டில் பைன் காட்டுக்குப் போனோம்.
மழை விட்டு மூன்றாம் நாள்.
பாசியைக் கிழித்துக்கொண்டு மஞ்சளாய்
சேவல் காளான்கள்.
அவன் மண்டியிட்டான். டக்.
அலகைத் தண்டில் வைத்தான். காளான் சாய்ந்தது.
மறுபக்கம் வைத்தான். மறுபக்கம் சாய்ந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது.
திறக்க ஒரு கை போதுமா என்று பார்த்தேனே தவிர
அறுபடுவதை யார் பிடிப்பது என்று பார்க்கவில்லை.
ஏழு கத்தி, அரைமணி நேரம்,
அந்தக் கடையில் நாங்கள்
ஒரு நூலைக்கூட வெட்டிப் பார்க்கவில்லை.

மன்னிப்பு நாக்கு நுனிவரை வந்துவிட்டது.
"வேடிக்கை பார்க்காதே ட்ரீன், பிடி" என்றான்.

பார்த்தால் என் இடக்கை
மழைச்சட்டைப் பைக்குள் இருந்தது.
எப்போது போனதோ.
எடுத்தேன். காளானின் தொப்பியை இரு விரலால் பிடித்தேன்.
நகத்துக்கு ஓரங்குலம் கீழே
எஃகு குளிர்ச்சியாகப் போயிற்று.

"இதைவிடப் பெரியது அங்கே" என்று
கத்தியாலேயே காட்டினான்.
நடந்தேன், கையை வெளியே வைத்துக்கொண்டு.